வெடித்த டைமிங் பெல்ட்

வெள்ளி, இஷாத் தொழுகைக்குப் பிறகு

காரின் டைமிங் பெல்ட் அறுகிற நிலையில் இருக்கும் என்று நான் முன்பே சொன்னேன். இன்று மகள் றிஸ்னா முழு சர்வீஸையும் தானே செய்தாள். கழற்றிய பெல்ட் முழுக்க வெடிப்பு. நாளை அவளுடைய உம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றாமல் போனால் வழியில் அறுந்து எல்லாம் கெட்டிருக்கும்.

புதியதைப் பழையதோடு பல்லுக்குப் பல் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினாள். கொழும்புப் பெரிய கராஜிலும் இப்படி ஒரு கையை நான் கண்டதில்லை.

"காக்கா, பெல்ட்ட ஆரு பார்த்து எடுத்த?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி நிசார் என்னிடம் கேட்டான்.

"நான்தான்."

"ஓம் மாமா, வாப்பாதான்" என்றாள் றிஸ்னா, சிரிக்காமல்.

கடையில் நான் எடுத்தது ஜப்பான் காரில் கழற்றிய பழைய பெல்ட். "கார்க் கதவெண்டா பழசு வாங்கலாம் வாப்பா, பெல்ட் ஏலா" என்று அதைத் திருப்பி வைத்துவிட்டுப் புதியதை எடுத்தவள் அவள்.