இளமதிக்காகப் போட்ட ஸ்பிரிங்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள துர்காவுக்கு,

ஏழுமலை எழுதுவது. நானும் இளமதியும் இருக்கிறோம். நீ வேலை செய்யும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடக்காதே. போனில் சொன்னால் கட்டிலில் படுத்திருக்கும் மகள் காதில் விழும். அதனால் நாளை குவைத்துக்குத் திரும்பும் தமிழ்செல்வியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு, பயிற்சிக்காக அவளை நம் மினி லாரியில் படுக்கவைத்துச் சென்னைக்குக் கொண்டுபோகும்போது பள்ளத்துக்குப் பள்ளம் அலறுவாளே! அதற்காகத்தான் பீட்டர் பட்டறையில் பின்சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் இரும்பு ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பழைய கார் ஒன்றின் சுருள் ஸ்பிரிங்கைப் போட்டேன். உன்னிடம் பெருமையடித்தேன் அல்லவா? பிள்ளை தூங்கிக்கொண்டே போய்வந்தாள்.

போன வாரம் வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் குனிந்து பார்த்து, "இன்னாய்யா, லாரியா காரா? கம்பெனி பட்டையப் போட்டுக்கினு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மகளுக்காக என்று சொன்னேன். அவருக்கும் மகள் இருக்கிறாளாம், ஆனாலும் கையெழுத்துப் போட முடியாதாம். எஃப்.சி. இல்லாத வண்டிக்கு எந்தக் கம்பெனி லோடு கொடுக்கும்?

எஃப்.சி.க்கு நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, முடிந்ததும் கழற்றிக் கொடுப்பது இங்கே வழக்கம்தானே. பட்டையையும் அப்படி ஒரு நாளைக்கு மாட்டலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். டயர் நட்டில் நிற்பது, இந்த ஸ்பிரிங் வண்டியின் அடிச்சட்டத்தில், சேஸிஸில், வெல்டிங் வைத்து நின்றது. அறுத்து எடுத்த பிறகுதான் பீட்டர், "மறுபடி அதே எடத்துல வெல்டு வெச்சா சேஸிஸ் ஒடஞ்சிடும் நைனா, பொண்ண ஏத்திக்கினு போற வண்டி" என்று கையை விரித்தான்.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. நேற்று பட்டை வண்டியில் அவளைக் கொண்டுபோனேன். ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினேன், பின்னால் வந்தவனெல்லாம் திட்டினான். அவளிடமிருந்து சத்தமே இல்லை. பரவாயில்லை போலிருக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன், மடையன். இறக்கும்போது பார்த்தால் துப்பட்டாவை வாயில் திணித்துக் கடித்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. "வலிக்கலப்பா, நீ பேஜாராவாத" என்றாள்.

பயிற்சியை இப்போது நிறுத்தினால் கடைசிவரை எழுந்து உட்கார மாட்டாள் என்கிறார் டாக்டர். வாரம் இரண்டு முறை ஆம்புலன்ஸ் வைக்க நமக்கு வழியில்லை. நாளை மறுநாள் திரும்பவும் அவளை அதே வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை நீ போன் செய்யும்போது உன்னிடமும் வலிக்கவில்லை என்றுதான் சொல்வாள். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நம்பியது போலவே பேசு. அழுவதாக இருந்தால் போனை வைத்துவிட்டு அழு.

உன்,
ஏழுமலை