ஏழு மாத வயிற்றோடு பார்த்த நிலா

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

பார்த்துவிட்டேன். ஏழு மாத வயிற்றோடு மொட்டை மாடியில் நின்று கிரகணத்தைப் பார்த்துவிட்டேன்.

என் மூத்தவள் யாழினி உதடு பிளந்து பிறந்ததற்கு நான்தான் காரணமாம். அவள் வயிற்றில் இருந்தபோது கிரகண நேரத்தில் வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்தேனாம். அதனால் இல்லை என்று டாக்டர் சொல்லியும் அத்தை இன்றுவரை விடவில்லை. சாயங்காலமே கதவைச் சாத்தி, "இந்த வாட்டியாவது உள்ள கெட" என்றார்.

நான் யாழினியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு படியேறினேன்.

"இன்னாடி, இந்தப் புள்ளயையும் கெடுக்கப் போறியா?" அத்தையின் குரல் பின்னால் வந்தது. நான் நிற்கவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்கக் கதவு சாத்திக் கிடந்தது. மேகம் விலகியதும் நிலா செங்கல் நிறத்தில் தெரிந்தது. யாழினி ஆபரேஷன் தழும்பு இழுபடச் சிரித்தாள். கீழே பார்த்துக் கத்தினாள்.

"ஆயா, நிலா செவப்பா கீது! மேல வா!"

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

அத்தை வந்தார். வந்ததும் தன் முந்தானையால் என் வயிற்றை மூடினார். பிறகு பேத்தி காட்டிய பக்கம் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது."

நான் மெதுவாக முந்தானையை எடுத்து அவர் தோளிலேயே போட்டேன். அத்தை தடுக்கவில்லை.