மாறிப்போன இரண்டு ரிப்போர்ட்

மார்ச் 3
இன்று லாபுக்கு வந்த மூத்திரப் புட்டிகள் பதினேழு. அது போக, எரிச்சல் என்று வந்த இருவரிடம் சிறுநீர்த் துவாரத்தில் பஞ்சுக்குச்சியால் கசிவு எடுத்தார் டாக்டர். எண் 41 பஸ் டிரைவர், எண் 42 கண்ணாடிக் கடைக்காரர். இருவரும் சுவரைப் பார்த்தே என்னோடு பேசினார்கள். ஒருவருக்கு வெட்டை நோய். மைக்ராஸ்கோப்பில் கிருமிகள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. மற்றவருக்கு இல்லை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு ரிப்போர்ட்டையும் டைப் செய்து கொடுத்தேன்.

மார்ச் 6
கண்ணாடிக் கடைக்காரர் ரிப்போர்ட்டோடு வந்தார். “மேடம், இது எதனால வரும்?”
“உடலுறவுலதான் சார்.”
“துண்டு, பாத்ரூம்... அப்படி வராதா?”
“வராது.”
“நான் எங்கயும் போகலையே.”
எல்லா ஆண்களும் சொல்வதுதான். உள்ளே வந்து சிரித்தேன்.

மார்ச் 15
நாள் முழுக்கத் தலைவலி.

மார்ச் 26
டிரைவர் திரும்பி வந்தார், சீழ் வடிகிறது என்று. “ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்களே!” புதிய ஸ்லைடில் அதே ஜோடிகள். பழைய ஸ்லைடுப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். 41இல் கிருமி. 42 சுத்தம். ஸ்லைடில் எண்ணைச் சரியாகத்தான் கீறியிருக்கிறேன். டைப் செய்யும்போது மாற்றிப் போட்டிருக்கிறேன். நான்தான். வேறு யாருமில்லை.
லாப் முதலாளியிடம் சொன்னேன். “அந்தக் கண்ணாடிக்காரர் மருந்து சாப்பிட்டு முடிச்சிருப்பார். வாயைத் திறக்காதீங்க.”

மார்ச் 27
கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கண்ணாடிக்காரர் திட்டவில்லை. அளவுகோலைக் கீழே வைத்தார். “என் பொண்டாட்டியை வீட்டை விட்டு அனுப்பிட்டேனே மேடம்” என்றார். “நான் எங்கயும் போகலை. அப்போ அவதானேன்னு...” மகள் முன்னாலேயே கேட்டாராம். கை நீட்டியும் விட்டாராம்.
ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்? அந்தாளு பொய் சொல்றாருன்னு சிரிச்சேனே! அவர் சொன்னது நிஜம். அந்த நிஜம்தானே அவர் பொண்டாட்டிக்கு எமனா வந்துச்சு.

மார்ச் 29
அவளுடைய அக்கா வீடு, இரண்டாம் மாடி. கண்ணாடிக்காரர் தெருவிலேயே நின்றுவிட்டார். திருத்திய ரிப்போர்ட்டை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.
“நீங்க தப்பு பண்ணீங்க, வந்து சொல்லிட்டீங்க. அவருக்கு மூணு வாரம் இருந்துச்சு. காகிதம் தப்பா இருக்குமோன்னு ஒரு தடவைகூடத் தோணலை. நான் தப்பா இருப்பேன்னு மட்டும் உடனே தோணிச்சு.”
கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். படியிறங்கி வந்தேன். அவரிடம் என்ன சொல்வது? என் முகத்தைப் பார்த்ததும் அவரே நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஏப்ரல் 2
முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். வாயைத் திறந்துவிட்டேனாம், இனி வேலைக்கு வர வேண்டாமாம்.

ஏப்ரல் 5
சாப்பிடவில்லை.

ஏப்ரல் 19
நேற்று கண்ணாடிக்காரர் போன் செய்தார். மனைவி விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறாளாம். லாப் சொன்னதைத்தான் அவர் நம்பினார் என்று கோர்ட்டில் தனக்காகச் சொல்வேனா என்று கேட்டார், அழுகையோடு. இன்று அவள் போன் செய்தாள். “நடந்ததை மட்டும் சொன்னா போதும்” என்றாள்.
அவளுக்காகச் சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரிடமும் அதை நானே சொல்ல வேண்டும்.