யாருடைய பிறந்தநாள் முதலில்

பிப்ரவரி 6
காலையிலிருந்து இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் என்னைப் பந்தாடுகின்றன. மகளின் காது அறுவைக்கு என் ஆபீஸ் பாலிசியும் உண்டு, அவள் அப்பாவின் ஆபீஸ் பாலிசியும் உண்டு. இரண்டு இருந்தால் நிம்மதி என்று நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். "முதல்ல அவங்க தரட்டும் மேடம், மீதிய நாங்க பாக்கறோம்." அங்கே கேட்டால் அதே பாட்டு. அறுவை இருபதாம் தேதி. அதற்குள் அனுமதி வராவிட்டால் அந்தத் தேதியை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்களாம். அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து. அதுவரை வகுப்பில் காது கேட்காமல் டீச்சர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாளா?

பிப்ரவரி 7
ஒருவழியாக விதியைச் சொன்னார்கள்: பெற்றோரில் யார் பிறந்தநாள் வருடத்தில் முன்னால் வருகிறதோ, அவர் பாலிசிதான் முதலில் தர வேண்டுமாம். எனக்கு ஆகஸ்ட், அவருக்கு அக்டோபர். அப்பாடா. பேச்சை நிறுத்திவிட்டு மாடியில் தனியாக இருக்கும் அந்த மனுஷனிடம் போய் நிற்க வேண்டாம். படிவத்தை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 12
திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்க கணவர் பிறந்தது ஜூன் ஒண்ணுன்னு அவங்க கம்பெனில இருக்கே மேடம்?"
சர்டிபிகேட் தேதி! அவரைப் பள்ளியில் சேர்க்கும்போது மாமனார் வாய்க்கு வந்ததைச் சொன்ன தேதி. பதினொரு வருஷம் அக்டோபரில் கேக் வெட்டியதில் மறந்தே தொலைத்தேன். இனி அவர் பாலிசிதான் முதலில். அவர் கையெழுத்து வேண்டும்.

பிப்ரவரி 13
மாடி ஏறினேன். எட்டு மாதத்தில் முதல் பேச்சு.
"என் பொறந்தநாள்கூடத் தெரியாதா உனக்கு?"
"எது? நீங்க பொறந்ததா, உங்கப்பா பொறக்கவச்சதா?"
"படிவத்த வச்சிட்டுப் போ."
வாயை அடக்கியிருக்கலாம். ஆனா பொண்ணு காதுய்யா அது! என்மேல கோவம்னா என்கிட்ட காட்டு —

பிப்ரவரி 16
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 17
ஃபிரிட்ஜ்மேல் படிவம். கையெழுத்து இருக்கிறது. நான் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பிப்ரவரி 20
அறுவை முடிந்தது. வெளியே அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

மார்ச் 14
காலையில் அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனார். பாத்திரம் துடைத்தபடி, "இந்த மனுஷன் ஒரேயடியாப் போய்த் தொலைஞ்சா நிம்மதி" என்று முணுமுணுத்தேன். எப்போதும் சொல்வதுதான். பின்னால் மேசையில் மகள் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.
"அம்மா, அப்பா எங்க போகணும்?"