எல்ம் தெரு, 412

வில்பர்ட்டன், நெப்ராஸ்கா
மார்ச் 3, 1998

அன்புள்ள லொரேன்,

நீ டூசானில் மகள் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருப்பாய். இங்கே இன்னும் பனி போகவில்லை. என் கீழறையில் நம் குடியரசுக் கட்சி மகளிர் சங்கத்தின் முப்பத்துநான்கு வருஷமும் பெட்டி பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. சங்கத்தைத்தான் மூடிவிட்டீர்கள், காகிதங்களையாவது கொடுங்கள் என்று பல்கலைக்கழக நூலகம் கேட்டிருக்கிறது. கடைசிச் செயலாளராக இருந்த பாவத்துக்கு, அடுக்கிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

1971 கூட்டக் குறிப்பில் வரி உயர்வைக் கண்டித்து இரண்டு வரி இருக்கிறது. காபி கருகியதைக் கண்டித்து ஒரு பக்கம். எழுதியது நான், காபி போட்டது நீ.

மே ஏழாம் தேதி நூலகத்தில் காகிதங்களை ஒப்படைக்கும் விழா. நீ வரவேண்டும், என் வீட்டில்தான் தங்கவேண்டும். எமில் இப்போதே மாடி அறைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்.

உன் வெர்னா

*

டூசான்
மார்ச் 12

என் அருமை வெர்னா,

காபி கருகியது பாத்திரத்தின் குற்றம். இதைப் பலமுறை சொல்லியாயிற்று.

கட்டாயம் வருகிறேன். நீ சுடும் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி இல்லாமல் இந்த ஊரில் மூன்று வருஷம் ஓட்டியதே பெரிய காரியம். மகள் எனக்கு முளைகட்டிய பயறு போடுகிறாள். பாசம்தான், என்ன செய்வது.

ஒரே ஒரு விண்ணப்பம். தேர்தலுக்குத் தேர்தல் வீடு வீடாகப் போய், யார் ஓட்டு யாருக்கு என்று நாம் எழுதிய அட்டைகள் ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டியில் இருக்கும். அதைத் திறக்காமல் அப்படியே கட்டிக் கொடுத்துவிடு. தூசி உனக்கு ஆகாது.

உன் லொரேன்

*

வில்பர்ட்டன்
மார்ச் 20

திருமதி லொரேன் ஹேவர்காம்ப் அவர்களுக்கு,

தூசி என்னை ஒன்றும் செய்யவில்லை. ஓர் அட்டைதான் செய்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்ம் தெரு, 412. கணவர் எமில் கோஸ்ட்கா, ரயில்வே, எதிர்க்கட்சி. மனைவி வெர்னா, யார் பக்கம் என்று சந்தேகம். பேச ஆளில்லாமல் தனியாக இருக்கிறாள். ஒரு வேலை கொடுத்தால் நம் பக்கம் வந்துவிடுவாள்."

செப்டம்பர் 1964. உங்கள் பச்சை மை.

அடுத்த வாரமே நீங்கள் கதவைத் தட்டினீர்கள். உறைகளில் விலாசம் எழுத ஆளில்லை, உதவமுடியுமா என்று கேட்டீர்கள். செக் நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் என்று அந்தத் தெருவில் யாரும் என்னைத் தங்கள் வீட்டுக்குள் கூப்பிடாத காலம் அது. நீங்கள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். என் வாழ்க்கையின் நல்ல நாள் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

எமில் அட்டையைப் படித்துவிட்டு, "தூண்டில் போட்டுத்தான் உன்னப் பிடிச்சிருக்காங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழாவுக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம். ஊரில் விடுதி இருக்கிறது.

வெர்னா கோஸ்ட்கா

*

டூசான்
மார்ச் 27

வெர்னா,

'நீங்கள்' என்று எழுதி என்னைக் கொன்றுவிட்டாய்.

அட்டையை எழுதியது நான்தான். முதல் தடவை உன் வீட்டுக்கு வந்தது ஓட்டுக்காகத்தான். அது வெட்கமாக இருந்ததால்தான் தூசி என்று கதை விட்டேன்.

இப்போது அந்த அட்டையைத் திருப்பிப் பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டு, பின்பக்கத்தில் ஒரு வரி எழுதவேண்டும் என்பது நம் விதி. உன் பக்கத்து வீட்டு அட்டையில் என் பச்சை மையில் பதினைந்து வரி இருக்கும். உன்னுடையதில் ஒன்றுமே இருக்காது.

அறுபத்தாறில் அட்டையோடுதான் வந்தேன். உன் அம்மா இறந்த வாரம். அடுப்பில் கொலாச்சியை வைத்துவிட்டு மறந்துபோய் உட்கார்ந்திருந்தாய். கருகியதைச் சுரண்டிச் சுரண்டி இருவரும் தின்றோம். அட்டையைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை. சங்கத் தலைவி வினிஃப்ரெட் விடுவாரா? "எல்லா வீடும் முடிஞ்சிருக்கு, 412 மட்டும் பாக்கி நிக்குதே?" என்றார்.

"அது வீடு இல்லீங்க, அது வெர்னா" என்றேன். ஒரு மாதம் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அதற்கப்புறம் நான் கேட்டிருக்கிறேனா? யோசித்துப் பார்.

விடுதியில் தங்கமாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் இங்கேயே பயறு தின்றுகொண்டிருப்பேன்.

லொரேன்

*

வில்பர்ட்டன்
ஏப்ரல் 4

என் லொரேன்,

திருப்பிப் பார்த்தேன். 410-க்குப் பதினைந்து வரி. என் அட்டையின் பின்பக்கம் வெறும் பழுப்புத்தான். நான் அழுவதைப் பார்த்து எமில் பயந்துபோய், "மறுபடியும் என்ன எழுதி வெச்சிருக்கா?" என்றார். ஒன்றுமே எழுதவில்லை என்றேன். மனிதர் குழம்பிப்போய் மாடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பின்பக்கத்தில் நானாவது ஒரு வரி எழுதிவைக்கலாமா என்று நூலகப் பெண்ணைக் கேட்டேன். பழைய அட்டையைப் பேனாவால் தொடவே கூடாதாம். வேண்டுமானால் கூட ஒரு காகிதம் வைக்கலாமாம். உன் கடிதத்தின் நகலை வைத்துவிட்டேன். நூறு வருஷம் கழித்து எவளாவது முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு உன்னைத் திட்டக்கூடாது. அசல் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

மாடி அறை காய்ந்துவிட்டது. உன் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுது.

நீ ஒருநாளும் கேட்டதில்லை என்பது சத்தியம். கேட்காததும் நல்லதுதான். எழுபத்தாறில் நான் எமிலின் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதை எந்த அட்டையிலும் எழுதிவிடாதே.

உன் வெர்னா