மூன்றாம் தொட்டியில் 4.2

மார்ச் 4
காலை ஷிப்ட். பெயிண்டுக்கு முன் இரும்புச் சாமான்களைக் கழுவும் மூன்று தொட்டிகளிலும் மீட்டரை முக்கிப் பார்த்தேன். சோப்புக் கரைசல் 4.1, 4.3, 4.2 சதவீதம். நாலுக்குக் கீழே இறங்கினால்தான் புதிதாக ஊற்ற வேண்டும். பலகையில் எழுதினேன். தொட்டியில் வேலை பார்க்கும் தங்கை கணவர் எட்டிப் பார்த்து, "நம்ம தொட்டிக்குப் பசியே எடுக்காது போல மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 9
வழக்கம்போல. மூன்றாம் தொட்டி 4.2.

மார்ச் 12
பெயிண்ட் அடித்து வாடிக்கையாளருக்குப் போன எழுநூறு கதவுக் கீல்கள் திரும்பி வந்தன. நகம் பட்டாலே வர்ணம் தோலாக உரிகிறது. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. கழுவியது சரியில்லை என்றார் மேலாளர். கிடங்கில் சோப்புப் பீப்பாய்களை எண்ணினார்கள். ஆறு வாரமாக ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. தொட்டி ஆளின் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தங்கை கணவர் கேட்டது ஒன்றுதான்: "பலகையில 4.2ன்னு இருந்தா நான் எதுக்கு ஊத்தணும்?"

மார்ச் 13
எல்லோரும் சாப்பிடப் போனபிறகு மூன்றாம் தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்து, நிறம் காட்டும் மருந்தைக் கலந்து, அமிலம் சொட்டுவிட்டுப் பார்த்தேன். சோப்பு சரியாக இருந்தால் நிறம் மறையப் பன்னிரண்டு சொட்டு பிடிக்க வேண்டும். நாலிலேயே மறைந்தது. மறுபடியும் செய்தேன். நாலு.

மீட்டரோ அப்போதும் 4.2. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்றுதான் அது பார்க்கும். பாய வைப்பது சோப்பா, கழுவிச் சேர்ந்த உப்பும் அழுக்குமா என்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் வாரம் ஒருமுறை சொட்டுச் சோதனை. நான் கடைசியாகச் செய்தது எப்போது? ஜனவரி 29. அதற்குப்பின் மீட்டர் காட்டியதையே பார்த்து, பதிவேட்டில் சொட்டுச் சோதனைக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறேன். கையெழுத்தும் என்னுடையது.

மார்ச் 14
சொல்லவில்லை. நாளை.

மார்ச் 16
தங்கை கணவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷம். ரப்பர் பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 17
மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பதிவேட்டையும் விரித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மூடினார்.

"ஆளை அனுப்பிட்டோம்னு வாடிக்கையாளருக்கு எழுதியாச்சு. இப்ப நீங்களும் போகணுமா? உங்க குடும்பத்துல ஒருத்தராவது சம்பளம் வாங்கட்டுமே."

பதிவேட்டைத் திருப்பிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கிட்டு வந்துட்டேன். ஏன் வாங்கினேன்? அந்த மேஜை மேலயே போட்டுட்டு வந்திருக்கலாம்ல— என்ன மனுஷன் நான்.

மார்ச் 20
மூன்றாம் தொட்டியைக் காலி செய்து புதுக் கரைசல் நிரப்பினோம். பன்னிரண்டு சொட்டு.

ஏப்ரல் 2
தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். அவருக்கு லாரி கழுவும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். பாதிச் சம்பளம். நான் தலை நிமிரவில்லை.

"அவரு உன்ன ஒரு வார்த்தை சொல்லலண்ணே. மீட்டரு கெட்டுப்போச்சு, மச்சான் என்ன பண்ணுவாரு பாவம்னுதான் சொல்றாரு" என்றாள். கிளம்பப் பையை எடுத்துக்கொண்டே, "மீட்டருதானேண்ணே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.