விற்பதற்கு முன் ஒரு மலை

ஏப்ரல் 9, புதன்

மன்னித்துக்கொள், நோட்டே. இன்றைக்கும் பதினொன்றரைக்குத்தான் உன்னிடம் வர முடிந்தது. தபிதா தூங்க மறுத்தாள். நாலு வயதுக்கு எங்கிருந்து இத்தனை கேள்வி?

விஷயம் இதுதான். கிளாட்வின் பழைய ஜீப்பை விற்கச் சம்மதித்துவிட்டார். நான்தான் ஒரு வருஷமாக நச்சரித்தேன். அவர் சிநேகிதர்களோடு அதை ஓட்டிக்கொண்டு பாறை, ஓடை என்று ஏறப் போகும்போதெல்லாம், நான் இங்கே சித்தூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 23ஆம் தேதி நகரியிலிருந்து ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வாராம். கிளாட்வின் கேட்டது ஒன்றுதான்: "ஈஸ்டருக்கு நீயும் பாப்பாவும் ஒரே ஒரு தடவ கூட வாங்க. மலை மேல கூடாரம் போட்டுத் தங்கலாம். அப்புறம் குடுத்துடறேன்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 12, சனி

தபிக்குக் கடைசியாக வீசிங் வந்து ஐந்து மாதமாகிறது. மலைக்குளிரில் திரும்ப வந்தால்? டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா கூட்டிக்கினு போங்கம்மா, இன்ஹேலர மட்டும் மறக்காதீங்க" என்றார். சிரித்தார் வேறு.

பயம் போகவில்லை. அதனால் ஜீப்போடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். பி.எஸ்சி. பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. முன்சக்கரங்களின் நடுவில் ஒரு வளையம் இருக்கிறதாம். மேடு ஏறும் முன் இறங்கிப் போய், இரண்டு பக்கமும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் முன்சக்கரங்கள் இழுக்காது. இதெல்லாம் எனக்கு எதற்கு?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவதைப் பிரசங்கிக்கும்போது நான் வெந்நீர் பிளாஸ்க்கை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, மன்னியும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர். வீடு திரும்பிவிட்டோம்

எங்கே ஆரம்பிப்பது!

நேற்று மதியம் மதனப்பள்ளி தாண்டி மலையடிவாரம் சேர்ந்தோம். மேலே கங்கையா என்பவரின் சொந்த நிலம். கிளாட்வினின் அண்ணன் தியோடர் மாமாவுக்கு அவர் பள்ளித்தோழர். இரண்டு பேரும் கூடவே வந்தார்கள்.

கிளாட்வின் இறங்கி வலது சக்கரத்தைப் பூட்டினார். அதற்குள் தியோடர் மாமா, "டேய், ஜெபம் பண்ணிட்டு ஏறலாம்" என்று தொப்பியைக் கழற்றிவிட்டார். சபை மூப்பர். சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. மோசே ஏறிய மலை, எலியா ஏறிய மலை என்று வேதத்தில் இருக்கிற எல்லா மலையும் வந்தது. ஆமென் சொன்னதும் மடமடவென்று வண்டியில் ஏறினோம்.

பாதி மேட்டில் ஜீப் நின்றது. பின்சக்கரம் சுற்றுகிறது, சரளைக்கல் தெறிக்கிறது, வண்டி மெல்லப் பின்னால் வழுக்குகிறது. ஒரு பக்கம் பள்ளம். தபி என் மடியில். ஐயோ, எம் புள்ள — வேறு எதுவும் தோன்றவில்லை.

கிளாட்வின் பிரேக்கில் ஏறி நின்றார். கங்கையா குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். "ஏம் காதம்மா, ஏம் காது" ஒன்றும் ஆகாது என்று தெலுங்கில் எனக்குத் தைரியம் சொன்னார். அவர் முகத்தில்தான் தைரியம் இல்லை.

"கிளட்ச் போயிருக்கும்டா" என்றார் மாமா.

"நாலு சக்கர கியர் போட்டுக்கினுதான் வரேன், ஏன் இழுக்க மாட்டேங்குது?" என்றார் கிளாட்வின்.

நான் தபியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் இறங்கினேன். முன்சக்கரம் கண்ணெதிரே. வளையத்தைத் திருப்பவே இல்லை!

"ஏங்க, இந்தப் பக்கம் பூட்டலையே?"

கிளாட்வின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போட்டேன்... அண்ணன் ஜெபம்னாரு..."

"ஜெபத்து மேல பழி போடாதடா! ஆமென் சொன்ன அப்புறம் உன் கை என்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

தபி சொன்னாள்: "நைனா, நீ எறங்கு. அம்மா ஓட்டட்டும்."

கங்கையா சிரித்த சிரிப்பு எதிர்மலைக்குக் கேட்டிருக்கும். நானே குனிந்து திருப்பினேன். கடக். கையெல்லாம் கிரீஸ். நானும் தபியும் ஓரமாக நடக்க, ஜீப் வெள்ளாடு மாதிரி ஏறிப் போனது.

மேலே அப்படி ஒரு காற்று. கூடாரத்துக்குள் இரண்டு முறை எழுந்து தபியின் மூச்சைக் கேட்டேன். சீராக இருந்தது. மூன்றாவது முறை எழவில்லை, தூங்கிவிட்டேன்! விடியலில் எல்லோரும் போர்வையோடு பாறைமேல் நின்றோம். கீழே ஊரே தெரியாமல் பனி. மாமா ஜெபத்தைத் தொடங்கும் முன் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "கையில வேல எதுனா பாக்கி இருக்குதாடா?"

ஏப்ரல் 22, செவ்வாய்

நாளைக்கு நகரிக்காரர் வருகிறார். கிளாட்வின் சாயந்தரம் ஜீப்பைக் கழுவி, தபி சிந்திய பிஸ்கட் துகளைக்கூடத் துடைத்து எடுத்தார். முகம் வாடவில்லை, என்னைக் குறை சொல்லவில்லை. கொடுத்த வாக்கு.

ஒரு வருஷம் நச்சரித்துவிட்டு இப்போது எந்த வாயால் சொல்வது? பயம் இருக்கிறது. ஆனாலும் இன்று மத்தியானம் சோறு வடிக்கும்போது, அடுத்து எந்த மலை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். நோட்டே, கோபித்துக்கொள்ளாதே. உன்னை இந்தப் பக்கத்தில் திறந்து, அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

ஏங்க, ஜீப்பை விற்க வேண்டாம். நகரியிலிருந்து அவர் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவார். எழுந்ததும் இதைப் படித்துவிட்டு, எனக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.